அடைக்கலமும் முகவரியும்

நுழையும்முன்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தரின் அடிப்படைத் தேவைகள் எனத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கப்படுகிறது. முதலிரண்டையும் ஏழை மக்களுக்கு உறுதிசெய்ய நியாயவிலைக் கடையும் சத்துணவும் விலையில்லா வேட்டி சேலையும் தமிழ்நாட்டில் உள்ளன. மூன்றாவது தேவையோ விலை கொடுக்க இயன்றவர்க்கே உரியதாய் நின்றுவிட்டது. அந்நிலை ஏன் ஏற்பட்டது, அதனை எவ்வாறு மாற்றலாம் என்பன குறித்த கருத்துரை இது.

ஓர் இரவுக் கணக்கு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடு வீடாகச் சென்று நடத்தப்படுவது. அதில் ஓர் இரவு மட்டும் வேறுபட்டது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இரவில் கணக்கெடுப்பாளர்கள் வீடுகளை விட்டுவிட்டுத் தெருக்களுக்குச் சென்றனர். சாலையோரம், நடைபாதை, பெருங்குழாய்களின் உட்புறம், மேம்பாலங்களின் அடிப்பகுதி, மாடிப்படிகளின் கீழ்ப்பகுதி, வழிபாட்டிடங்களின் மண்டபம், தொடர்வண்டி நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் தங்கியிருந்தோரை எண்ணினர். இவர்களையே கணக்கெடுப்புத் துறை வீடற்றோர் என வரையறுக்கிறது. நாடு முழுவதும் அவ்வாறு எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அவர்களுள் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தவர்கள்.

இவ்வெண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்க முடியும். காவலர் விரட்டினால் இடம் மாறுவோரும், இரவெல்லாம் சந்தையில் மூட்டை சுமந்துவிட்டுப் பகலில் உறங்குவோரும், பாதுகாப்புக் கருதி ஒளிவான மூலையில் ஒடுங்கிக்கொள்ளும் பெண்களும் ஒரே இரவில் நடத்தப்படும் எண்ணிக்கையில் அகப்படுவது அரிது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போனதால் அப்பழைய எண்ணையே நெடுங்காலம் திட்டங்கள் நம்பியிருக்க நேர்ந்தது. மாநகராட்சிகள் நடுவணரசின் கணக்கிற்காகக் காத்திராமல், ஆண்டுதோறும் பல இரவுகளிலும் பகல்களிலும் தாமே இதனை எடுக்கலாம். தெருவிளக்குகளின் எண்ணிக்கையைத் துல்லியமாக அறிந்திருக்கும் ஒரு நிருவாகத்திற்கு அவ்விளக்கின் கீழ் உறங்குவோரை எண்ணுவது இயலாத செயலன்று.

உழைப்பவர் உறங்கும் இடம்

வீடற்றவர் என்றவுடன் கையேந்தி நிற்கும் உருவமே பலர் மனத்தில் தோன்றுகிறது. சட்டமும் இந்த மயக்கத்திலிருந்து முழுதும் விடுபடவில்லை. இரத்தலைத் தடுப்பதற்கென 1945-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டம் வறுமையைக் குற்றமாகப் பார்த்த ஒரு காலத்தின் எச்சம். இதனையொத்த சட்டமொன்று தில்லியில் நடைமுறையில் இருந்தபோது, அதன் முதன்மையான பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவருக்கு இருப்பிடம் இல்லாமையை அவருடைய ஒழுக்கக் குறைபாடாகக் கருதும் போக்கைக் கைவிட்டாலன்றி இச்சிக்கலைப் பற்றி நேர்மையாகப் பேசத் தொடங்கவே இயலாது.

சென்னையின் பழைய வணிகப் பகுதியாகிய ஜார்ஜ் டவுனில், பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களில், மூன்று நான்கு தலைமுறைகளாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் உள்ளன. அவர்கள் மீன்பாடி வண்டி ஓட்டுகின்றனர், மூட்டை சுமக்கின்றனர், பூக்கட்டி விற்கின்றனர், கடைகளைக் கூட்டிப் பெருக்குகின்றனர், பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் சேகரித்துத் தரம் பிரிக்கின்றனர், திருமண மண்டபங்களில் பந்தி முடிந்தபின் அண்டாக்களைத் துலக்குகின்றனர். இரவில் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியபின் அவற்றின் முன்னே பாய் விரிகிறது. காலையில் கடை திறக்கும்முன் பாயும் பாத்திரமும் துணிமூட்டையும் சுருட்டப்பட்டுச் சுவரோரம் ஒதுங்கிவிடுகின்றன. அந்த வணிகப் பகுதி நாள்தோறும் இயங்குவதற்கு இவர்களுடைய உழைப்பும் ஒரு காரணம். ஆயினும் இயக்குகிறவர்களுக்கு அங்கே ஓர் அறை இல்லை.

வாடகையின்றி வாழ்கிறார்கள், ஆதலால் செலவு குறைவு என்று கருதுவாரும் உளர். தெருவில் வாழ்வது மலிவானதன்று. கட்டணக் கழிப்பறைக்கும் குளியலறைக்கும் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு இது நாள்தோறும் தொடரும் செலவு. பொருள்களைச் சேமித்து வைக்க இடமில்லாததால் அரிசியும் எண்ணெயும் சிறு பொட்டலங்களாகவே வாங்கப்படுகின்றன. சிறு பொட்டலத்தின் விலை எப்போதும் கூடுதலானது. மழையில் அடுப்பு நனைந்த நாளில் முழுக்குடும்பமும் கடையுணவை நாடவேண்டியுள்ளது. இவற்றோடு கணக்கில் எழுத இயலாத செலவொன்றும் உண்டு. வயதுவந்த மகளுக்குக் காவலாக இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் மறுநாள் எவ்வளவு உழைக்க முடியும்?

முகவரி இல்லாமையின் விளைவு இன்னும் ஆழமானது. குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல் என எவ்விடத்திலும் முதலில் கேட்கப்படுவது கதவு எண்ணே. கதவே இல்லாதவர் எந்த எண்ணை எழுதுவார்? ஏழைகளுக்கென வகுக்கப்பட்ட உதவிகள் ஏழைகளுள் மிக ஏழையானவரைச் சென்றடையாமல் நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு கட்டத்தில்தான். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, வீட்டைவிட்டு எவரும் வெளியே வரக்கூடாது என ஆணையிடப்பட்டபோது, உள்ளே செல்வதற்கு வீடில்லாதவர்கள் இருக்கிறார்கள் என்னும் உண்மையை அரசு நிருவாகங்கள் ஒரே நாளில் எதிர்கொண்டன. பள்ளிக் கட்டடங்களும் சமுதாய நலக்கூடங்களும் தற்காலிகக் காப்பகங்களாயின. இடமே இல்லை என்று அதுவரை சொல்லப்பட்டு வந்த நகரத்தில் இடம் கிடைத்தது. இந்நிகழ்வு எளிதில் மறக்கத்தக்கதன்று.

சேலத்துத் தொழிலாளியும் உச்சநீதிமன்றமும்

நடைபாதையில் வாழ்வோரைப் பற்றி இந்தியாவில் எழுந்த வழக்குகளுள் தலைமையானது, 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த ஓல்கா டெல்லிஸ் வழக்கு. வழக்கின் பெயர் பம்பாயைச் சேர்ந்த ஓர் இதழாளருடையது. எனினும் அவ்வழக்கின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு.

வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவர் சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற உழவுத் தொழிலாளி. வறட்சியால் வேலையிழந்து 1961-இல் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குச் சென்றார். வேதிப்பொருள் தொழிற்சாலை ஒன்றில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலியில் வேலை கிடைத்தது. குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. அப்பகுதியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டு, நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்டு கட்டிய ஒரு மறைப்பைக் கொடுத்தான். 1981 ஜூலையில், மழைக்காலத்தின் நடுவே, நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கு அனுப்ப மகாராட்டிர அரசு முடிவெடுத்தது. அவருடைய குடிலும் இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றப்பட்டார். மனைவியும் மக்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார். மீண்டும் ஒரு நடைபாதைக் குடிலிலேயே குடிபுகுந்தார்.

அவர் ஏன் திரும்பினார் என்னும் வினாவிற்கு விடை காண முயன்றதே அத்தீர்ப்பின் சிறப்பு. வேலை இருக்கும் இடத்தில் வாழ்வதற்காகவே மக்கள் நடைபாதையை நாடுகின்றனர். அங்கிருந்து அகற்றுவது அவர்களுடைய வேலையையும் பறிப்பதாகும். வாழ்வதற்கான வழியைப் பறிப்பது வாழ்வையே பறிப்பதற்கு ஒப்பாகும் என நீதிமன்றம் கண்டது. அரசமைப்பின் 21-ஆவது உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. உறைவிடத்திற்கான உரிமையும் அதே உறுப்பினுள் அடங்கும் எனப் பிற்காலத் தீர்ப்புகள், குறிப்பாக 1995-ஆம் ஆண்டின் சமேலி சிங் வழக்குத் தீர்ப்பு, தெளிவுபடுத்தின.

ஆனால், அத்தீர்ப்பின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் கழிந்தபின் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு அனுமதித்தது. உரிமை வென்றது, உரிமையைக் கோரியவர் தோற்றார். வீட்டுரிமை பற்றிய இந்தியச் சட்டத்தின் நெடுங்கதை இன்றுவரை பெரும்பாலும் இவ்வாறே செல்கிறது.

வாடகை என்னும் மதில்

உழைக்கின்ற ஒருவர் ஏன் ஒரு சிறு அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்ள இயலவில்லை? ஒரு சுமைப்பணித் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி, மாதத்தில் 20 நாள் வேலை எனக் கொண்டால் வருவாய் 10,000 ரூபாய். ஓர் அறையின் வாடகை 5,000 ரூபாய் எனக் கொண்டால் வருவாயில் சரிபாதி அதற்கே போய்விடும். அதனையும் எப்படியேனும் கொடுத்துவிடலாம் என அவர் துணிந்தாலும், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அஃது 50,000 ரூபாய். கையிருப்பே இல்லாத ஒருவர் அதனைக் கந்துவட்டிக்கே வாங்க வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முன்பணத்தை, வேறு உடன்பாடு இல்லாதபோது, பெறலாகாது எனத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கூறுகிறது. எழுத்து ஒப்பந்தமே இன்றி, வாய்மொழியாகக் குடியமர்த்தப்படும் எளியவர்களிடம் இச்சட்டம் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

பணம் மட்டுமே தடையன்று. சாதி என்ன, மதம் என்ன, புலால் சமைப்பதுண்டா, கணவர் உடன் இருக்கிறாரா என்னும் வினாக்கள் வாடகை பேசுவதற்கு முன்பே எழுகின்றன. தனித்து வாழும் பெண்ணுக்கும் திருநங்கைக்கும் ‘வீடு காலியில்லை’ என்னும் விடையே கிடைக்கிறது. வாயிலில் தொங்கும் பலகையோ வேறு சொல்கிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்னும் பழமொழி வழங்கும் நாட்டில், அவ்வளைக்குரிய விலையைக் கொடுக்க முன்வருவோர்க்கும் அது மறுக்கப்படுகிறது.

மாதரி கொடுத்த சிற்றில்

வீடிழந்து வந்தோரைச் சமூகம் எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதற்குச் சிலப்பதிகாரம் ஓர் அரிய காட்சியை வைத்திருக்கிறது. புகாரை விட்டுவந்த கண்ணகியையும் கோவலனையும் மதுரையின் புறத்தே ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் கவுந்தியடிகள் ஒப்படைக்கிறார். அடைக்கலக் காதை என்னும் பெயரே அதனால் வந்தது. மாதரி செய்தது என்ன என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. தன் வீட்டின் ஒரு மூலையில் படுக்க இடம் தந்து, ஒரு வேளை உணவிட்டு அவள் அமைதியடையவில்லை. காவலுடைய தனியானதொரு சிறு மனையைத் தந்தாள். வந்தவரின் நோன்பு முறை வேறு என்பதை அறிந்து, அவர்களே சமைத்துக்கொள்ளக் கலங்களும் அரிசியும் காய்கனிகளும் தந்தாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு வைத்தாள். வந்தவர் எவ்வாறு வாழ வேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை. அவர்கள் தம் விருப்பப்படி வாழ்வதற்குரிய இடத்தை மட்டுமே கொடுத்தாள். அடைக்கலம் என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேறில்லை.

சென்னையின் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்தில், 2000-ஆம் ஆண்டையொட்டி உருவான மறுகுடியமர்வுப் பகுதிக்குக் கண்ணகி நகர் என்றே பெயர். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அங்கு உள்ளன. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. அதன்பின் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எழுந்தன. 2015 திசம்பர் வெள்ளத்தின் பின்னும் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெருமளவில் இப்பகுதிகளுக்கே அனுப்பப்பட்டன.

கூரை கிடைத்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், தொடக்கத்தில் கட்டப்பட்ட வீடுகளுள் பல 200 சதுர அடியையும் எட்டாதவை. பழைய குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. பாரிமுனையில் விடியலில் மூட்டை இறக்குபவரும், மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவரும், மெரினாவில் சுண்டல் விற்பவரும் அங்கிருந்து எவ்வாறு வேலைக்கு வருவர்? பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கூலியைத் தின்றன. பலர், பெண்கள் குறிப்பாக, வேலையை இழந்தனர். கல்வியாண்டின் இடையில் இடம்பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பள்ளியை இழந்தனர். இவற்றினும் கொடிய வேறொன்றும் நேர்ந்தது. கிடைத்த முகவரியே பழியாயிற்று. வேலை தேடிச் செல்லும் இளைஞர்கள் தம் குடியிருப்பின் பெயரைச் சொல்லத் தயங்கும் நிலை வந்தது. முகவரி இல்லாதோர்க்கு முகவரி கொடுத்து, அம்முகவரியைச் சொல்ல நாணுமாறும் செய்துவிட்டால் அதனை மறுவாழ்வு என எப்படி அழைப்பது?

ஒதுக்கப்பட்ட வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடியும் நகருக்குள் வந்துவிடுகிறார்கள் என்பது இம்மக்கள் மீது அடிக்கடி சுமத்தப்படும் குற்றச்சாட்டு. அவ்வாறு சிலர் வருவது உண்மையே. சேலத்திலிருந்து பம்பாய்க்குத் திரும்பிய அத்தொழிலாளியும் அதனையே செய்தார். நன்றிகெட்ட செயல் என இதனைப் பழிப்போர், தம் அலுவலகத்தை 20 கிலோமீட்டர் அப்பால் மாற்றினால் தாம் என்ன செய்வோம் என எண்ணிப் பார்க்கலாம்.

காப்பகம் போதுமா?

வீடற்றோர்க்கான காப்பகங்கள் பற்றி 2010-இல் உச்சநீதிமன்றம் தெளிவான ஆணைகளைப் பிறப்பித்தது. அதனையடுத்து 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், நகர மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஒவ்வொன்றிலும் 100 பேருக்கு இடம், ஒருவருக்கு 50 சதுர அடி என அளவு வகுத்தது. ஆண்டு முழுவதும், இரவும் பகலும் அவை திறந்திருக்க வேண்டும். 2011 கணக்குப்படி, விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். அவ்வளவில் நகருக்கு வேண்டுவன 67 காப்பகங்கள். அவற்றில் தங்கக்கூடியோர் 6,700 பேர். இஃது அன்றைய எண்ணுக்கேற்ற அளவே. நகரமோ அதன்பின் வளர்ந்திருக்கிறது.

காப்பகங்கள் தேவையே. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் உடன் வருவோர்க்காக அமைக்கப்பட்டவை எத்தனையோ வெளியூர்க் குடும்பங்களுக்குப் பெருந்துணையாய் உள்ளன. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட முதியவருக்கும், வன்கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய பெண்ணுக்கும் அந்த ஓர் இரவுப் பாதுகாப்பு உயிரையே காப்பது. ஆயினும், அழைத்தாலும் வர மறுக்கிறார்கள் என அலுவலர்கள் சலித்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவர்க்கு ஒன்று எனப் பிரிந்தவை. குடும்பமாக வாழ்வோர் உள்ளே நுழைய வேண்டுமாயின் குடும்பத்தைப் பிரிக்க வேண்டும். மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது, துணிமூட்டையை எங்கே வைப்பது, நள்ளிரவில் வேலை முடிந்து வருபவருக்குக் கதவைத் திறப்பவர் யார் என்னும் கேள்விகளுக்கு விடை இல்லாதபோது நடைபாதையே மேல் என ஒருவர் முடிவுசெய்தால் அது பிடிவாதமன்று. கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

பின்லாந்து நாடு 2008 முதல் வேறொரு வழியைப் பின்பற்றியது. முதலில் குடிப்பழக்கத்தை விடு, பின்னர் வேலை தேடு, அதன்பின் வீடு தருகிறோம் என்னும் படிக்கட்டு முறையை அந்நாடு தலைகீழாக்கிற்று. முதலில் தனி வாடகை வீடு. மருத்துவமும் வேலைவாய்ப்பு உதவியும் அதன்பின். பெரும் படுக்கைக் கூடங்களாக இருந்த காப்பகங்கள் தனித்தனி வீடுகளாக மாற்றப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் நெடுங்காலம் வீடற்றிருந்தோரின் எண்ணிக்கை அங்கே பெரிதும் குறைந்தது. குளிர்மிகுந்த, மக்கள்தொகை குறைந்த ஒரு செல்வநாட்டின் முறையை அப்படியே சென்னையில் நட இயலாது என்பது உண்மை. ஆனால், வரிசை மாறினால் விளைவும் மாறும் என்னும் அப்பட்டறிவிற்குத் தட்பவெப்பம் தடையாகாது.

இங்கேயே கிடைக்கும் சான்றுகள்

வெளிநாட்டை நோக்க வேண்டிய தேவையும் அதிகமில்லை. 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, மெரினாவின் நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில், குடிசைகள் இருந்த நிலத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கடலை விட்டு மீனவர் அகற்றப்படவில்லை. 1977-இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் முழு வீடு கட்டித் தருவதற்கு மாறாக, சாலையும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் கொண்ட மனைகள் வழங்கப்பட்டன. மிகச் சிறிய மனைகளும் பெரிய மனைகளும் ஒரே பகுதியில் கலந்திருந்தன. பெரிய மனைகளையும் கடைகளுக்கான மனைகளையும் சந்தை விலைக்கு விற்றுக் கிடைத்த தொகை சிறிய மனைகளின் விலையைத் தாங்கிற்று. வருவாய் வந்தபோது ஓர் அறை, மகன் தலையெடுத்தபோது ஒரு மாடி என அவ்வீடுகள் மெல்ல வளர்ந்தன. இன்று அப்பகுதிகளில் நடந்து செல்பவருக்கு அவை ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் என்பதே தெரியாது. ஒதுக்கப்பட்ட இடம் என்னும் அடையாளமே மறைந்துபோவதைவிட ஒரு வீட்டுத் திட்டத்துக்கு வேறென்ன வெற்றி வேண்டும்?

2021-இல் அவ்வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழுதடைந்த பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் பெரிய வீடுகளைக் கட்டும் பணி இப்போது நடைபெறுகிறது. தொலைவிடத்திற்கு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேலானது. கட்டுமானக் காலத்தில் வெளியில் தங்குவதற்காகக் குடும்பத்திற்கு 8,000 ரூபாயாக இருந்த கருணைத்தொகையும் 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒன்றரை ஆண்டில் பணி முடிவதாகக் கொண்டாலும் அது மாதத்திற்கு 1,333 ரூபாய்தான். சென்னையில் அத்தொகைக்கு அறை கிடைக்காது. ஆதலால், வீடு கட்டும் திட்டமே சில குடும்பங்களைச் சிலகாலம் வீடற்றோராக்கும் முரண் நேர்கிறது. அப்பகுதியின் உண்மையான வாடகை எவ்வளவோ அதனை மாதந்தோறும் வழங்குவதும், பணி தாழ்ந்தால் தாழ்ந்த மாதங்களுக்கும் வழங்குவதும் முறையாகும்.

அரசு கட்டும் வீடுகள் பெரும்பாலும் உரிமையாக விற்கப்படுபவை. பயனாளி பங்குத்தொகை செலுத்த இயலாதவருக்கு அவற்றில் இடமில்லை. சொந்தமாகக் கட்டிக்கொள்ள மானியம் தரும் திட்டங்களோ கையில் பட்டா உள்ளவர்க்கே பயன்படும். நிலமும் இல்லை, பங்குத்தொகையும் இல்லை என்பவருக்கு வேண்டியது குறைந்த வாடகையில் அரசே நடத்தும் வீடு. ஆசுத்திரிய நாட்டு வியன்னா நகராட்சி நூறாண்டுகளுக்கு முன்பே இதனைச் செய்தது. படிநிலையாக வீட்டுவரி விதித்து, அவ்வரியைக் கொண்டு தொழிலாளர்க்கு வாடகைக் குடியிருப்புகள் எழுப்பிற்று. 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோப் என்னும் குடியிருப்பில் 1,382 வீடுகளும் சலவைக்கூடமும் குழந்தைகள் பள்ளியும் நூலகமும் இருந்தன. அது நகரத்தின் ஓரத்து மறைவிடம் அன்று. நகரமே பெருமையோடு காட்டும் கட்டடம். சந்தைகளுக்கும் பேருந்து நிலையங்களுக்கும் அருகில் அரசுத் துறைகள் வைத்திருக்கும் பயன்படாத நிலங்களில், ஓர் அறை அல்லது இரண்டறை கொண்ட வாடகை வீடுகளைத் தமிழ்நாட்டின் மாநகராட்சிகளும் எழுப்பலாம். வாடகையைக் குடும்ப வருவாயின் ஒரு பங்காக வரையறுக்கலாம். தினக்கூலி பெறுவோர் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் செலுத்தும் ஏற்பாடும் அங்கு வேண்டும். மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்தே வாடகை முறை அமைந்திருப்பதும் இவர்களை வெளியே நிறுத்துகிறது.

மனநோயோடு தெருவில் திரியும் பெண்கள் இவ்வரிசையில் கடைசியில் நிற்பவர்கள். அவர்களுக்கும் தனி வீடு இயலுமா என்னும் ஐயத்திற்குச் சென்னையிலிருந்தே விடை கிடைத்திருக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்களால் தொடங்கப்பட்ட தி பான்யன் என்னும் அமைப்பு, அத்தகைய பெண்களுக்கு மருத்துவமும் தங்குமிடமும் அளித்து வருகிறது. நலம் பெற்றோருள் பலர் தம் குடும்பத்திற்குத் திரும்பினர். திரும்பிச் செல்ல இடமில்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்க நேர்ந்தது. 2015-ஐயொட்டி அவர்களுக்காக ‘மீண்டும் இல்லம்’ எனப் பொருள்படும் ஹோம் அகைன் என்னும் திட்டம் தொடங்கிற்று. நான்கைந்து பெண்கள் ஒரு குடும்பம்போலச் சேர்ந்து, சாதாரணத் தெருக்களில், சாதாரண வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். தேவைப்படும் அளவுக்குத் துணைப் பணியாளர் ஒருவர் உடனிருப்பார். இன்று என்ன சமைப்பது, எந்த நேரத்தில் உறங்குவது, கடைக்கு யார் செல்வது என்பனவற்றை அவர்களே முடிவு செய்கின்றனர். மனநோயாளர்க்குச் சமூகத்தின் நடுவே வாழும் உரிமை உண்டு என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது. அச்சட்டத்தை நிறைவேற்றப் புதிய மருத்துவமனைக் கட்டடங்கள் வேண்டியதில்லை. வாடகைக்கு வீடு தர முன்வரும் உரிமையாளர்களும், அவ்வாடகையை மாதந்தோறும் தவறாது செலுத்த ஒதுக்கப்பட்ட நிதியும், பக்கத்து வீட்டில் அவர்கள் குடிவருவதை எதிர்த்து மனுக் கொடுக்காத தெருவும் போதும்.